ஓடாத கேசட்டின் விலை

என் வீட்டுக்காரருக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, வெற்றிலைகூடப் போட மாட்டார். பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அத்தை இதையெல்லாம் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன் எங்கே போவான் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. குடித்தனம் வைத்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அது எனக்குத் தெரிந்துவிட்டது. பாகலூர் ரோட்டுப் பக்கம் கூடுகிற பழைய சாமான் சந்தைக்குப் போய், டிவியில் மாட்டி விளையாடுகிற பழைய வீடியோ கேம் செட்டுகளையும் அதற்கான கேசட்டுகளையும் வாங்கி வருகிறார். புது மாப்பிள்ளை மல்லிகைப் பூவோடு வருவார் என்று வாசலில் நின்றேன். வயர் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு வந்தார்.

அவர் தேன்கனிக்கோட்டைக்காரர். ஓசூர் சிப்காட்டில் மெஷின் ஓட்டுகிறார். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கென்று வந்து, ஹாஸ்டலில் தங்கி, வேறொரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் சேர்ந்தவள். ஒரே பஸ்ஸில் போய்வந்து பழக்கமாகி, பிறகு இரண்டு வீட்டிலும் முறைப்படி பேசிக் கல்யாணம் ஆயிற்று. பஸ்ஸில் அவ்வளவு பேசிய மனிதர் கேசட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வாங்கி வந்த கேசட்டை நேராக டிவியில் போட மாட்டார். முதலில் வாயால் ஊதுவார். பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து உள்ளே இருக்கும் பின்களைத் துடைப்பார். பெற்ற பிள்ளைக்குக்கூட அவ்வளவு பதமாக யாரும் காது துடைத்து நான் பார்த்ததில்லை. சுவரில் மாட்டுகிற புது டிவியில் போட்டால் படம் நன்றாக இருக்காதாம். அதற்காகவே ஒரு பழைய பொட்டி டிவி எங்கள் மேஜையில் பாதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஒருமுறை என்னையும் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றுதான் அங்கே விலை எப்படிப் பிறக்கிறது என்று கற்றுக்கொண்டேன். அவர் வழக்கமாக வாங்குகிற வியாபாரி தார்ப்பாய் விரித்து இஸ்திரிப் பெட்டி, மிக்சி ஜார், பழைய போன் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருப்பார். அவர் சாமானைப் பார்த்து விலை சொல்வதில்லை, வருகிற ஆளைப் பார்த்துச் சொல்கிறார். பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர்களுக்கு ஒரு விலை, அத்திப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஒரு விலை, கம்பெனிச் சட்டையோடு ஷிஃப்ட் முடித்து வருகிறவர்களுக்கு ஒரு விலை. அதனால் என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார். வாரமெல்லாம் அழுக்காகிற சட்டையைச் சனிக்கிழமை இரவே துவைத்துப் போட்டு, பேரம் பேசுவதற்காக மறுபடி சுருக்கம் விழக் கசக்கிப் போட்டுக்கொள்வார்.

கேசட் மேல் ஒட்டியிருக்கும் படத்தில் உள்ளே எத்தனை ஆட்டம் என்று ஓர் எண் இருக்கும். அறுபத்து நாலு என்று இருந்தால் விலை குறைவு. தொள்ளாயிரத்துச் சொச்சம் என்றால் கூடுதல். எண் முடியாமல் ஓரம்வரை ஒன்பதாகவே ஓடினால் அதற்குத் தனி மரியாதை. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் எல்லாவற்றிலும் அதே ஏழெட்டு ஆட்டம்தான், திரும்பத் திரும்ப வேறு வேறு பெயரில் வரும். இது விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். ஆனாலும் ஒன்பதுக்கு ஒன்பது விலை ஏறத்தான் செய்கிறது.

இதைவிடப் பெரிய பாடம் ஒன்று இருந்தது. சந்தையில் டிவி கிடையாது, பிளக் பாயின்ட்டும் கிடையாது. ஓடுமா ஓடாதா என்பது விற்கிறவர் வாயில்தான் இருக்கிறது.

"சூப்பரா ஓடும்னு அவன் சொன்னா, அது செத்துப்போனதுன்னு அர்த்தம்" என்றார் என் வீட்டுக்காரர், வண்டி நிறுத்தும் இடத்திலேயே. "ஓடாது, எடுக்காதீங்கன்னு சொன்னா, வாடிக்கைக்காரன் எவனுக்கோ எடுத்து வெச்சிருக்கான்னு அர்த்தம். அத்த உடக் கூடாது."

"நெசமாவே ஓடலைன்னா என்ன சொல்லுவாரு?"

"அதான் சொன்னனே. சூப்பரா ஓடும்னு."

ஓர் ஆணியைக்கூட அளவு பார்க்காமல் அனுப்பாத வேலை என்னுடையது. எனக்குத் தலை சுற்றியது. ஆனால் அங்கே யாரும் ஏமாந்ததாகத் தெரியவில்லை. தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் மாறி மாறிப் பொய் சொல்லிக்கொண்டு, எல்லோரும் ஒருவரையொருவர் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து என்னிடம் நீட்டுவார். "நெட்ல இதுக்கு நாலாயிரம் போட்டிருக்கான் பாரு."

"போட்டிருக்கான் சரி. எவனாவது வாங்கியிருக்கானா?"

இந்தக் கேள்வி வந்ததும் போனைத் திருப்பி வாங்கிக்கொள்வார். ஆனால் என்றாவது ஒருநாள், யாராவது ஒரு பெரிய விலையை என் காது கேட்கச் சொல்வார்கள் என்று அவர் நம்பினார். ஒருமுறை ஊரிலிருந்து வரும்போது சானமாவுக் காட்டில் யானைகள் ரோட்டைக் கடக்கின்றன என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் சந்தையில் ஒரு நல்ல செட் கைமாறிப் போய்விட்டது. அந்த யானைகளோடு அவருக்கு இன்னும் பேச்சுவார்த்தை கிடையாது.

இப்படியே பரண் நிறைந்தது. போன வருஷம் வீட்டு ஓனருடைய மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, எங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். அலைந்து திரிந்து தளி ரோட்டில் ஒரு வீடு பிடித்தோம். தண்ணீர் வந்தது, வெளிச்சம் இருந்தது, பரண் மட்டும் இல்லை. வீட்டைப் பார்த்துவிட்டுப் படி இறங்கும்போதே நான் சொல்லிவிட்டேன்.

"கேசட்டெல்லாம் வித்துடணும்."

"எல்லாமா?"

"எல்லாந்தான். எங்க வைப்பீங்க?"

அவர் முகம் தொங்கிப்போயிற்று. சாப்பிட்டார், வேலைக்குப் போனார், எதற்கும் எதிர்ப்பேச்சு பேசவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பிறகு அவரே ஒரு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "வித்தா எவ்ளோ வரும்னு உனக்குத் தெரியாது" என்றார். விற்றுக் காட்டுங்கள் என்றேன். அதே சந்தையில், அதே வியாபாரிக்குப் பக்கத்தில் இடம் கேட்டு வைத்தார்.

விற்பது என்று முடிவானதும் என் தொழில் புத்தி எழுந்துகொண்டது. ஓடுவதையும் ஓடாததையும் கலந்து கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கம்பெனியில் செய்வதுபோலவே செய்தேன். நன்றாக ஓடினால் பச்சை ஸ்டிக்கர், ஊதினாலோ தட்டினாலோதான் ஓடும் என்றால் மஞ்சள், ஓடவே ஓடாது என்றால் சிவப்பு. ஸ்டிக்கர் கம்பெனியில் எடுத்தது என்று நினைத்துவிட வேண்டாம், கடையில் காசு கொடுத்து வாங்கியது. அவர் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்ட, நான் ஒட்டிக்கொண்டே வந்தேன்.

அந்த வரிசையில் டேங்க் கேசட்டும் வந்தது. மஞ்சள் நிறப் பிளாஸ்டிக், ஒரு மூலை கொசுவத்திச் சூட்டில் உருகிப்போயிருக்கும். இரண்டு பேர் இரண்டு டேங்கை ஓட்டிக்கொண்டு, செங்கல் சுவருக்குள் இருக்கும் ஒரு கோட்டையைக் காப்பாற்ற வேண்டும். மேலேயிருந்து எதிரி டேங்குகள் வந்துகொண்டே இருக்கும். எனக்குக் காலை ஷிஃப்ட் என்றால் அவருக்கு நைட், அவருக்குக் காலை என்றால் எனக்கு மதியம். ஒருவர் கதவைத் திறக்கும்போது மற்றவர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்போம். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் ஒரு பாயில் உட்காருவது ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்தான், உட்கார்ந்தால் இந்த ஆட்டம்தான். உங்களுக்காகத்தான் விளையாடுகிறேன் என்று எத்தனையோ தடவை அவரிடம் சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

பச்சை ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். இதை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்பார், கேட்டால் சரி என்று சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவரும் என்னைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. ஒட்டி, பெட்டியில் போட்டேன்.

சந்தையில் விரிப்பைப் போட்டதும் பக்கத்து வியாபாரி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "இன்னா ணா, எங்கிட்ட வாங்குனத எல்லாம் எங்கிட்டயே கொண்டாந்து கட பரப்பற? பரவால்ல பரவால்ல, ஒக்காரு. ஆனா ஒண்ணு, விரிப்புல வெச்ச சாமான விக்க மாட்டன்னு மட்டும் சொல்லக் கூடாது. அப்புறம் இங்க ஒருத்தனும் நிக்க மாட்டான்." அது அந்தச் சந்தையின் கட்டுப்பாடு. சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தோம். காசு போடுகிற பை என் மடியில் இருந்தது.

முதலில் வந்தவர் ஒரு பச்சையை எடுத்தார். என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சூப்பரா ஓடும்ங்க" என்றார். வந்தவர் அதை அப்படியே கீழே வைத்துவிட்டுப் போனார். இரண்டாவது ஆளுக்கும் அதே கதைதான். வருஷக்கணக்காக எனக்குப் பாடம் நடத்திய மனிதர், விற்கிற பக்கம் வந்து உட்கார்ந்ததும் அதை மறந்துவிட்டார்.

சிவப்பையெல்லாம் நான் ஓர் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தேன். மிச்சம் விழுந்தால் எடைக்குப் போடலாம் என்று நினைப்பு. அதைத்தான் வந்தவர்கள் குனிந்து குனிந்து எடுத்தார்கள்.

"அது ஓடாதுங்க, எடுக்காதீங்க" என்றேன்.

எடுத்தவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "பரவால்லக்கா, எவ்ளோ சொல்லுங்க."

"உள்ள போர்டே போயிடுச்சுங்க."

"சரிக்கா சரிக்கா. விலையச் சொல்லுங்க."

ரிஜெக்ட் பீஸைக் கேட்டு வாங்கிப் போகிற கஸ்டமரை அன்றுதான் பார்த்தேன். நான் உண்மையைச் சொல்லச் சொல்ல, கெட்டிக்கார வியாபாரி என்று எனக்குப் பெயர் ஏறிக்கொண்டே போயிற்று. டீ வருவதற்குள் இரண்டு சிவப்பைத் தவிர செத்த கேசட்டெல்லாம் விற்றுவிட்டது, உயிரோடு இருப்பதெல்லாம் அப்படியே கிடந்தது. "எக்கா, நீங்க எங்க தொழில் கத்துக்கினீங்க?" என்று பக்கத்து வியாபாரி மரியாதையாகக் கேட்டார். இன்ஸ்பெக்‌ஷனில் என்றேன். அவர் அதையும் நம்பவில்லை.

அப்போதுதான் பெங்களூர்க்காரர் ஒருவர் வந்தார். அரை டிராயர், தொப்பி, கையில் கார் சாவி. கன்னடம் கலந்த தமிழ். விரிப்பின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, மிச்சமிருந்த இரண்டு சிவப்புகளில் ஒன்றை எடுத்தார். அதன் மூலை உருகியிருந்தது.

நான் அதற்குப் பச்சை அல்லவா ஒட்டினேன். உற்றுப் பார்த்தால், சிவப்பு ஸ்டிக்கருக்கு அடியில் பச்சையின் விளிம்பு தெரிந்தது. என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு பிளாஸ்டிக் கவரை மிகுந்த அக்கறையோடு நான்காக மடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. சிவப்பை யாரும் தொட மாட்டார்கள் என்று நினைத்து, விரிப்பில் அடுக்கும்போதே எனக்குத் தெரியாமல் அதன் மேல் சிவப்பை ஒட்டியிருக்கிறார். பேசாமல் பைக்குள் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். பை என் மடியில் இருந்ததே, அவர் பாவம் என்ன செய்வார்.

"எஷ்டு இது?" என்று கன்னடத்தில் விலை கேட்டார் வந்தவர்.

"ஓடாதுங்க சார்" என்று என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"பரவால்ல. முன்னூறு?"

"சார், ஓடாதுன்றன்ல. எடுத்துட்டுப் போயி என்ன பண்ணுவீங்க?"

"ஐநூறு."

"காசு வீணா போவும் சார். வேற எத்தயாவது எடுங்க, இந்தப் பச்சையெல்லாம் சூப்பரா ஓடும்."

வந்தவர் பச்சைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, விலை ஆயிரத்தைத் தாண்டியது. பக்கத்து வியாபாரி தன் கடையை விட்டுவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குடுத்துரு ணா என்று கண்ணாலேயே சொன்னார். கடைசியில் அந்தப் பெங்களூர்க்காரர் போனை வெளியே எடுத்தார்.

"ரெண்டாயிரம். ஸ்கேன் எங்க இருக்கு?"

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என் வீட்டுக்காரர் இத்தனை வருஷம் காத்திருந்தார். ஒரு கேசட்டுக்கு, என் காது கேட்க, இரண்டாயிரம். வீடு மாற்றுகிற வண்டிக்கு அது ஆகும். அதைவிட, இனி நான் வாய் திறக்க முடியாது. அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நெற்றி வியர்த்து உட்கார்ந்திருந்தார். விற்க மாட்டேன் என்று சொல்ல முடியாது, கட்டுப்பாடு இருக்கிறது. ஓடாது என்று இன்னொரு தடவை சொன்னால் விலை மூவாயிரம் ஆகிவிடும். அவர் என்னைப் பார்த்த பார்வையில், எப்படியாவது காப்பாற்று என்பது மட்டும்தான் இருந்தது.

எனக்கு மனம் உருகிப்போயிற்று. அவரை நான் கேலி செய்யலாம், காலமெல்லாம் செய்வேன். ஆனால் அந்த முகத்தோடு அவர் அதைத் தூக்கிக் கொடுப்பதைப் பார்க்க என்னால் ஆகாது.

"சார், அவருக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றேன். "சூப்பரா ஓடும். புதுசு மாதிரி ஓடும். கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க."

போனில் இருந்த விரல் நின்றது. "ஓடுதா?"

"சத்தியமா சார். வாரா வாரம் நாங்களே போட்டு விளையாடுறோம்."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பெங்களூர்க்காரர் கேசட்டைத் திருப்பிப் பார்த்தார். உருகிய மூலை இப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. "இது சுட்டிருக்கே" என்று மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு மிச்சமிருந்த இன்னொரு சிவப்பை எடுத்து, இது ஓடுமா என்று கேட்டார். ஓடவே ஓடாது என்றேன். புரிந்துகொண்டவர்போலச் சிரித்து, நூற்றைம்பது கொடுத்து அதை வாங்கிப் போனார்.

"ரெண்டாயிரத்த வாயால தொரத்திட்டீங்களேக்கா" என்று பக்கத்து வியாபாரி தலையில் கை வைத்துக்கொண்டார். நான் டேங்க் கேசட்டை எடுத்துப் பைக்குள் போட்டேன். மிச்சத்தை அவரிடமே ஒரு விலை பேசித் தள்ளிவிட்டு, வண்டியில் கிளம்பினோம்.

ராயக்கோட்டை ரோடு சிக்னலில் நிற்கும்போது கேட்டேன். "இத மட்டும் வெச்சுக்கிறேன்னு வாயத் திறந்து கேட்டிருக்கலாம்ல. உங்களுக்குப் புடிச்சத நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

"எனக்குப் புடிச்சதா?" என்றார், முன்னால் பார்த்தபடியே. "நீ கேப்பன்னுதான் நான் பாத்துனு இருந்தன்."

"நானா?"

"பின்ன? எனக்கு அந்த டேங்க் கேம் ஒண்ணும் அவ்ளோ புடிக்காது. காரு ஓட்றதுதான் புடிக்கும். அத்தப் போட்டா நீ எழுந்து போயிடுவ. அதுக்காவ இத்தயே போட்றது."

ஞாயிற்றுக்கிழமைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அவருடைய டேங்க் எப்போதும் கோட்டைக்குப் பக்கத்திலேயே நிற்கும். மேலே ஏறிப்போய்ச் சண்டை போடுவதெல்லாம் என்னுடையதுதான். இன்னும் ஒரு ஆட்டம் என்று கேட்டதும் ஒவ்வொரு தடவையும் நான்தான். அவருக்குத் துணைக்கு உட்கார்ந்திருப்பதாக அத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கம்பெனில சேந்தப்புறம் உன் ஊரு பேச்சே போயிடுச்சு" என்றார். "வீட்லயும் எங்கள மாதிரியே பேசற. அந்த கேம் ஆடறப்ப மட்டும், ஏலே வாரான் பாரு, எங்கல போற, நில்லுலன்னு டிவியப் பாத்துக் கத்துவ. பஸ்ல மொதல்ல அப்படித்தான் பேசுவ நீ. அத்தக் கேக்கத்தான்."

கம்பெனியில் சேர்ந்த புதிதில் நான் பேசினால் கேன்டீனில் சிரிப்பார்கள். அதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டேன். எப்போது முழுதாக மாறினேன் என்று எனக்கே தெரியாது. அது போய்விட்டதென்று ஒருவருக்கு வருத்தமிருக்கும் என்று நான் நினைத்ததில்லை. பின்னால் உட்கார்ந்திருந்ததால் என் முகம் அவருக்குத் தெரியவில்லை, அது நல்லதாகப் போயிற்று.

பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"சிக்னலு விழுந்துட்டு" என்றேன். "என்ன யோசிச்சிட்டு நிக்கீய, வண்டிய எடுங்க."

எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவர் வண்டியை எடுக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லு என்றார்.